மே முப்பத்தொன்றாம் தேதி

ஜன்னலோரத்தில் நீங்களே அமர்ந்துகொள்ளுங்கள், ஐயா. எனக்குக் காற்று ஒத்துக்கொள்வதில்லை. நான் காலையில் நாகர்கோவிலில் ஏறியவன். நீங்கள் மதுரையில் ஏறியது முதல் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். கேட்கத் தெரிந்த முகம். அப்படிப்பட்ட முகங்கள் இந்நாளில் குறைந்துவிட்டன. உங்கள் இடத்தில் முன்பு ஓர் இளைஞர் இருந்தார். வள்ளியூர் தாண்டி நான் வாய் திறந்ததும் காதில் எதையோ மாட்டிக்கொண்டார். திருநெல்வேலியில் வேறு பெட்டிக்கே போய்விட்டார்.

என் பெயர் சத்தியநேசன். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தேன்; அவற்றில் கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியன். எங்கள் சபையின் போதகர் வெளியூர் சென்றால் பிரசங்க பீடத்தில் ஏறிச் செய்தி கொடுப்பவனும் நான்தான். ஆகையால் என் பேச்சு எழுதி வைத்துப் படிப்பது போல இருக்கும். என் மகள் ஷீபா, "அப்பா, மீன்காரிட்டயும் இப்பிடியா பேசுவிய?" என்று சிரிப்பாள். சிரிக்கட்டும். சொல் சுத்தமாக இருந்தால் மனம் சுத்தமாக இருக்கும் என்பது என் கொள்கை.

உங்களிடம் ஒரு நியாயம் கேட்க வேண்டும். கூடப் பிறந்த தங்கை ஒருவனை ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஏமாற்றினால் அதற்கு என்ன பெயர் சொல்வீர்கள்? அவசரம் வேண்டாம். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். கோயம்புத்தூர் சேர இன்னும் நேரம் கிடக்கிறது.

என் தங்கையின் பெயர் வயலட். எனக்குப் பத்து வயது இளையவள். மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்தவள். ஊரில் எல்லாரும் அவளை சிஸ்டர் என்றுதான் அழைப்பார்கள். திருமணம் இல்லை. நான் பார்க்காமல் இல்லை, ஐயா. நான்கு இடம் பார்த்தேன். நான்கு பேரையும் நேரில் வரவழைத்து விசாரித்தேன். ஒருவருக்குத் தமிழ் உச்சரிப்பு சரியில்லை. ஒருவர் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு ஒருவரும் திருப்தி இல்லை. விட்டுவிட்டேன்.

என் மனைவி எஸ்தர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வயலட் பணி ஓய்வு பெற்றதும் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். சமையல் அவள் கை. வீடு மறுபடியும் வீடாயிற்று. காலையில் தேநீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்காருவாள். நான் அன்றைய செய்தித்தாளை அவளுக்கு விளக்குவேன். ஒரு நாளும் குறுக்கே பேசியதில்லை. அவ்வளவு நல்லவள்.

இந்த ஆண்டு ஏப்ரலில் அவளுடைய சிநேகிதி ஒருத்தி போன் செய்தாள். தங்கம் என்று பெயர். அவளும் ஓய்வு பெற்ற நர்ஸ்தான். கோயம்புத்தூரில் தனியாக இருக்கிறாள். "ரெண்டு பேரும் சேந்து இருக்கலாம், வா" என்று இவளை அழைத்திருக்கிறாள். வயலட் என்னிடம் வந்து சொன்னாள்: "அண்ணா, தங்கம் கூப்பிடுகா. போகணுமா வேண்டாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல்ல. அறுவது முடிஞ்சதும் சொல்லுதேன்."

இந்த வயதில் ஒரு மனிதன் வெறும் வீட்டில் யாரிடம் பேசுவான்? ஆனால் நான் அழுது புலம்பும் ஆள் அல்ல. அறுபது என்றைக்கு முடிகிறது என்று கணக்கிட்டேன். மே முப்பத்தொன்று. அவளுடைய பள்ளிச் சான்றிதழில் இருக்கும் தேதி. ஆண்டுதோறும் அந்த நாளில் நான் கேக்குடன் குவார்ட்டர்ஸுக்குப் போய் ஜெபம் செய்துவிட்டு வருவேன். ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. இந்த முறை அது ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தது. நான் ஒரு தீர்மானம் செய்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அவளை அழைத்துக்கொண்டு எங்கள் மாவட்டத்தையே சுற்றிக் காட்டுவது. இவ்வளவு அழகையும் இவ்வளவு அன்பையும் விட்டு எங்கே போகப் போகிறாய் என்று அவள் மனமே அவளைக் கேட்க வேண்டும். நிகழ்ச்சி நிரல் தட்டச்சு செய்து நான்கு பிரதி எடுத்தேன். வயலட்டுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, திருவனந்தபுரத்திலிருந்து வரும் ஷீபாவுக்கு ஒன்று, கார் ஓட்டும் ஸ்டீபனுக்கு ஒன்று.

"எந்தெந்த எடத்துக்குப் போகணும்னு அத்தைட்ட கேட்டியளா, அப்பா?" என்றாள் ஷீபா போனில்.

"கேட்டுவிட்டால் ஆச்சரியம் எங்கே இருக்கும்?" என்றேன்.

வெள்ளிக்கிழமை பத்மநாபபுரம் அரண்மனை. அங்கே உள்ள தூண்களைப் பற்றியும் தரையைப் பற்றியும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் விளக்கினேன். சுற்றுலா வந்த ஒரு குடும்பம் வழிகாட்டி என்று நினைத்து என்னோடேயே நடந்தது. மணிமேடை தெரிகிற முற்றத்துக்கு வந்தபோது வயலட் என் கையைத் தொட்டாள்.

"அண்ணா, ஒரு காரியம் சொல்லணும். ஞாயித்துக்கிழமை சர்ச்சில..."

"பொறு" என்றேன். "மணியைப் பார்த்ததும் ஒரு கதை நினைவுக்கு வருகிறது. மறந்துவிடுவேன்."

அந்தக் கதையை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், ஐயா. நானே யோசித்தது. ஓர் அரசன் தன் கோட்டையில் மணி அடிக்க ஒருவனை நியமித்தான். அவன் நல்லவன், உழைப்பாளி. ஆனால் தொடங்கிய முதல் நாளே ஒரு நாழிகை முந்தி அடித்துவிட்டான். மறுநாளும் அதே கணக்கில் அடித்தான். ஊர் ஒரு நாழிகை முந்தி எழுந்தது, முந்தி உண்டது, முந்தி உறங்கியது. பிழை என்று பலருக்குத் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. ஆண்டுகள் சென்றன. ஒரு நாள் காலையில் அவன் மணி அடித்துவிட்டுக் கிழக்கே பார்த்தான். சூரியனைக் காணோம். "இன்று சூரியன் தாமதித்துவிட்டது" என்று கோபித்தான். ஆகையால் நண்பர்களே, பிழையை அறிந்தும் வாய் மூடி இருப்பவர்கள் ஒரு நல்ல மனிதனைச் சூரியனோடு சண்டைக்கு அனுப்புகிறார்கள்!

இதைச் சொல்லி முடித்தபோது அந்தச் சுற்றுலாக் குடும்பம் கை தட்டியது. வயலட் மட்டும் தட்டவில்லை. என்னையே பார்த்தாள்.

"அந்த ஆளுட்ட யாராவது போய்ச் சொல்லியிருந்தா கேட்டிருப்பாரா, அண்ணா?"

"ஏன் கேட்க மாட்டான்? நல்லவன் என்று சொன்னேனே. சொல்லத்தான் ஒருவருக்கும் துணிவு இல்லை" என்றேன்.

"ம்" என்றாள். சொல்ல வந்த காரியம் என்ன என்று நான் கேட்கவில்லை. நிரலின்படி அடுத்த இடத்துக்கு ஐந்து நிமிடம் தாமதமாகியிருந்தது.

சனிக்கிழமை காலை மாத்தூர் தொட்டிப்பாலம். அதன் பிறகு திற்பரப்பு அருவி. முந்தின வாரமே மழை தொடங்கிவிட்டதால் நல்ல தண்ணீர். வயலட் காரிலிருந்து இறங்கும்போது கையில் ஒரு பை வைத்திருந்தாள். மாற்றுத்துணியும் துவாலையும்.

"குளிக்கப் போகிறாயா?"

"ஆமா, அண்ணா. எத்தன நாள் ஆச்சு!"

"வயலட், நாளை நீ ஆலயத்தில் ஆண்டவர் சமூகத்தில் போய் நிற்க வேண்டியவள். இன்று நனைந்து ஜலதோஷம் பிடித்தால்? மேலும் அருவிக்கு நாற்பது நிமிடம்தான் ஒதுக்கியிருக்கிறேன்."

ஷீபா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வயலட் அவளைக் கண்ணால் அடக்கிவிட்டுப் பையைக் காருக்குள் வைத்தாள். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். நானும் பக்கத்தில் நின்று நீரின் குணங்களைப் பற்றிப் பேசினேன். இரைச்சலில் அவளுக்குக் கேட்டதோ என்னவோ.

அங்கே ஸ்டீபன் மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசிப்பழம் வாங்கி வந்தான். ஐம்பது வயதுக்காரன். அவன் தாயாரை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்டது வயலட்தான், அதனால் அவள்மேல் மிகுந்த மரியாதை. வயலட்டிடம் பழத்தை நீட்டியபடி, "சிஸ்டருக்கு அறுவது நவம்பர்லல்லா வரும்? சார் என்ன, இப்பமே கொண்டாடுதாவ?" என்றான்.

வயலட்டும் ஷீபாவும் ஒரே நேரத்தில் அவனைப் பார்த்தார்கள். அவன் பழத்தைப் பார்த்தான்.

"உனக்கு வேறு யாரோடோ குழப்பம், ஸ்டீபன்" என்று நான் திருத்தினேன். "தேதி என்பது நினைவில் வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல. சான்றிதழில் பார்க்கும் பொருள்."

"செரி, சார்" என்றான்.

திரும்பி வரும்போது, குலசேகரம் தாண்டியதும், வயலட் பின் இருக்கையிலிருந்து சொன்னாள்: "அண்ணா, நாளைக்கி என் பேரை வாசிக்கச் சொல்லாதிங்க. நான் முன்னாடி போகல்ல. ஒங்க கால்ல விழுந்து கேக்கேன்."

எங்கள் சபை வழக்கத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த வாரத்தில் பிறந்தநாள் வருகிறவர்களின் பெயரை ஞாயிறு ஆராதனையில் போதகர் வாசிப்பார். அவர்கள் எழுந்து பலிபீடத்தின் முன் போய் நிற்பார்கள். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரைத் தட்டில் வைப்பார்கள். போதகர் ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து ஜெபிப்பார். சபை முழுவதும் எழுந்து நின்று வாழ்த்திப் பாடும். அந்த இடத்தில் நிற்பது என்பது கடவுளுக்கு முன்பாக "இந்த நாளில் என்னைப் படைத்தீர்" என்று சாட்சி சொல்வதற்குச் சமம். வயலட் இத்தனை ஆண்டுகளில் ஒரு முறையும் அப்படி நின்றதில்லை. பணியில் இருந்தவரை அந்த ஞாயிற்றுக்கிழமையில் எப்போதும் அவளுக்கு டூட்டி விழும். போன ஆண்டு காய்ச்சல் என்று படுத்துவிட்டாள். இந்த முறைதான் டூட்டியும் இல்லை, காய்ச்சலும் இல்லை.

அவள் அப்படிக் கேட்டதும் என் கண் நிறைந்துவிட்டது, ஐயா. எப்பேர்ப்பட்ட தாழ்மை! ஷீபாவிடம் திரும்பி, "பார், கற்றுக்கொள். உன் அத்தைக்குப் புகழ்ச்சி பிடிப்பதில்லை" என்றேன். வயலட்டிடம், "தாழ்மையுள்ளவர்களைத்தான் முன்னால் நிறுத்த வேண்டும். போதகரிடம் பெயர் கொடுத்துவிட்டேன்" என்றேன்.

அதன் பிறகு வீடு வரும்வரை காரில் பேச்சு இல்லை. நான் மட்டும் பேசினேன்.

ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஆலயத்தில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் அமர்வார்கள். காணிக்கைக் கவரை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் முன் வரிசையில் என் இடத்தில் உட்கார்ந்தேன். மேய்ப்பனூர் ரத்தினபாய் டீச்சர் மகன், ஒரு யு.கே.ஜி. குழந்தை, திருமண நாள் கொண்டாடும் ஒரு தம்பதி என்று வரிசையாகப் பெயர் வாசித்தார்கள். கடைசியில், "அறுபதாவது பிறந்தநாளைக் காணும் நமது அன்புச் சகோதரி வயலட்" என்றார் போதகர். சிறப்பாகச் சொல்லும்படி நான் கேட்டிருந்தேன். சபை திரும்பிப் பார்த்தது. நானும் திரும்பினேன்.

வயலட் எழுந்தாள். ஆனால் நடக்கவில்லை. இருந்த இடத்திலேயே நின்றாள்.

"போதகரே, மன்னிக்கணும். இன்னைக்கு எனக்குப் பொறந்தநாள் இல்ல. ஆண்டவர் சமூகத்தில வந்து நின்னு பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி, மெல்லச் சொல்வதாக நினைத்துக்கொண்டு உரக்கச் சொன்னாள்: "அவளுக்கு நவம்பர் பத்தொம்பதுல்லா." இன்னொருத்தி, "சாருக்குத் தெரியாதா?" என்றாள். பாடகர் குழுவில் ஒரு பெண் பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடினாள். போதகர் தொண்டையைச் செருமிவிட்டு மற்றவர்களுக்கு ஜெபம் செய்தார். சபை எழுந்து பாடியது. நானும் எழுந்து நின்றேன். வாயை அசைத்தேன்.

சொல்லுங்கள், ஐயா. உண்மையைப் பற்றி எத்தனை பிரசங்கம் செய்தவன் நான்! அந்தப் பீடத்துக்கு முன்னால், அந்தச் சபையின் நடுவில், என்னைப் பொய்யனாக நிறுத்திவிட்டாள். இதில் இன்னொரு வேதனை கேளுங்கள். நான் பதினொரு ஆண்டுகள் சபைச் செயலாளராக இருந்தவன். ஞானஸ்நானப் பதிவேடு வைத்திருக்கும் அலமாரியின் சாவி பதினொரு ஆண்டுகள் என் இடுப்பில் இருந்தது. அதில் அவள் பெயருக்கு எதிரே சரியான தேதி எழுதியிருக்கிறதாம். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. சாவி வைத்திருந்த நான் அந்தப் பக்கத்தைப் புரட்டியதில்லை. எதற்குப் புரட்ட வேண்டும்? நான் என் தங்கையின் பிறந்தநாளை அறிந்தவன் அல்லவா?

மதியம் வீட்டில் முப்பது பேருக்கு விருந்து ஏற்பாடு செய்திருந்தேன். வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் பிரியாணியைப் பற்றி மட்டும் பேசினார்கள். மேசையில் "60" என்று எழுதிய கேக் அப்படியே இருந்தது. யாரும் வெட்டவும் இல்லை, எடுத்து ஒளித்து வைக்கவும் இல்லை. வயலட் ஆலயத்துக்குக் கட்டிய வெள்ளைப் புடவையை மாற்றிவிட்டு எல்லாருக்கும் பரிமாறினாள். எனக்கும் பரிமாறினாள். நான் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

எல்லாரும் போன பிறகு ஷீபா என் அருகில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அம்மைக்கும் தெரியும்."

"எது?"

"அத்தைக்க பொறந்தநாள். நவம்பர் பத்தொம்பதுக்கு ஒவ்வொரு வருசமும் அம்ம முந்திரிக்கொத்து செஞ்சு ஆஸ்பத்திரிக்குக் குடுத்தனுப்புவா. நான்தான் கொண்டு போவேன். அம்ம போன பிறகு நான் செய்யுதேன். அத்தை ரிட்டையர் ஆனதுகூட ஆறு மாசம் முந்தித்தான். அதையும் யாருட்டயும் சொல்லல்ல."

முந்திரிக்கொத்து! பாசிப்பயறும் வெல்லமும் உருட்டிச் செய்யும் எங்கள் ஊர்ப் பலகாரம். நவம்பரில் ஒரு நாள் எஸ்தர் அதைச் செய்வாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாலைத் தேநீருக்கு எனக்கு இரண்டு வைப்பாள். "இன்று என்ன விசேஷம்?" என்று நான் ஒரு வருடமாவது கேட்டேனா? கேட்டிருக்கலாம். கேட்டதாக ஞாபகம் இல்லை. அவளும் சொல்லவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் என்னோடு வாழ்ந்த மனைவி, ஐயா! அவளைக் கல்லறைக்குப் போய்க் கேட்க முடியுமா? போனேன். ஒரு நாள் மாலையில் போய் நின்று கேட்கவும் செய்தேன். அது வேறு கதை.

நான் நேராகச் சமையலறைக்குப் போனேன். வயலட் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் சொல்லவில்லை?" என்றேன். "இத்தனை வருடம் என்னை முட்டாளாக்கி நிற்க வைத்தாயே, ஏன்?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்கதான் சொல்லக்கூடாதுன்னு சொன்னிய, அண்ணா."

"நானா? எப்போது?"

"என்னைப் பள்ளிக்கூடத்தில சேக்கக் கொண்டு போன அன்னைக்கி. அப்பா செத்த வருசம். அம்ம கெடப்பில. எனக்கு நாலரை வயசுதான். அஞ்சு முடிஞ்சாத்தான் எடுப்பாவ. எடுத்தாத்தான் மத்தியானச் சாப்பாடு. நீங்க எட்டாம் வகுப்பு. ஹெட்மாஸ்டர்ட்ட மே முப்பத்தொண்ணுன்னு சொன்னிய. திரும்பி வரும்போ ஆத்துப் பாலத்தில என்னைய நிப்பாட்டி, 'பிள்ளே, யாரு கேட்டாலும் மே முப்பத்தொண்ணு. மாத்திச் சொன்னா சோறு கெடைக்காது. எனக்கிட்டகூட மாத்திச் சொல்லாத'ன்னிய. சத்தியம் வாங்கினிய. நான் சொல்லிட்டே இருந்தேன்."

சபையில் சொன்னவள் யாரிடம் சொன்னாள்? போதகரிடம். என்னிடம் அல்ல. நாற்பது வருடமாக எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். எஸ்தரிடம், ஷீபாவிடம், ஸ்டீபனிடம். என்னிடம் மட்டும் அல்ல. சத்தியத்தைக் காப்பாற்றினாளாம்.

நான் கேட்டேன்: "எனக்கு மறந்துபோயிற்று என்று உனக்குத் தெரியாதா?"

"ரொம்ப நாளு தெரியாது, அண்ணா. வருசா வருசம் கேக்கு வாங்கிட்டு வருவிய. நீங்களும் என்னை மாதிரி காப்பாத்திட்டு வாறியன்னு நெனச்சேன். நம்ம ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிஞ்ச காரியம்னு எனக்கு ஒரு சந்தோசம். பொறகு ஒரு வருசம் ஜெபத்தில, 'இதே நாளில், மே மாத வெயிலில், எங்கள் வீட்டில் ஒரு குழந்தை அழுத சத்தத்தை நான் என் காதால் கேட்டேன்'னு சொன்னிய. அப்பத்தான் தெரிஞ்சு, நீங்க மறந்திட்டியன்னு. நான் பொறந்தது நல்ல மழையிலன்னு அம்ம சொல்லுவா."

இதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றும் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். சொன்னேன். ஒரு குழந்தையிடம் ஒருவன் பசிக்காக வாங்கிய வாக்கு, பசி தீர்ந்த நாளிலேயே தீர்ந்துவிடுகிறது என்று சொன்னேன். அறிவு வந்த பிறகும் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது கீழ்ப்படிதல் அல்ல, பிடிவாதம் என்று சொன்னேன். என் பிழையை என்னிடம் மறைத்தது பிழையைவிடப் பெரிய பிழை என்று சொன்னேன். இன்னும் நிறையச் சொன்னேன். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன், இல்லை. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "ரெண்டு நாளா சொல்லத்தான் பாத்தேன், அண்ணா" என்றாள். திரும்பிப் பாத்திரத்தைக் கழுவத் தொடங்கினாள்.

அதன் பிறகு பதினொரு நாள் நான் அவளோடு பேசவில்லை. கோபம் அல்ல. ஜெபத்தில் இருந்தேன். அவள் தேநீர் கொண்டுவந்து எதிரில் உட்காருவாள். நான் செய்தித்தாளை விரித்து மனத்துக்குள் படிப்பேன். பன்னிரண்டாம் நாள் ஸ்டீபன் காருடன் வந்து நின்றான். இரண்டு பெட்டிதான். "அண்ணா, தங்கத்துக்கிட்ட போய் கொஞ்ச நாளு இருந்திட்டு வாறேன். மீன்கறி ஃபிரிட்ஜில இருக்கு. மூணு நாளைக்கி வரும்" என்றாள். "முடிவு செய்துவிட்டாயா?" என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. பதினொரு நாள் காத்த மௌனத்தை யார் முதலில் உடைப்பது என்பது ஒரு பெரிய கேள்வி, ஐயா. அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே கார் போய்விட்டது.

ஜூன் போயிற்று, அக்டோபரும் போயிற்று. அந்த வீட்டில் என் குரலே எனக்கு எதிரொலிக்கிறது. செய்தித்தாளை வாசலில் நின்று பால்காரருக்கு விளக்கினேன். அவர் இப்போது பாலை மதிலில் வைத்துவிட்டுப் போகிறார்.

போன வாரம் நானே போன் செய்தேன். ஆமாம், நானே. ஒருவர் உடைக்கத்தானே வேண்டும். "நவம்பர் பத்தொன்பதாம் தேதி வருகிறதே" என்றேன். அந்த வார்த்தைகளைச் சொல்வது எனக்கு எவ்வளவு கசந்தது தெரியுமா? "வாங்க, அண்ணா" என்றாள். "ஒங்ககிட்ட அறுவது முடிஞ்சதும் சொல்லுதேன்னு சொன்னேன்லா? அது இன்னும் பாக்கி இருக்கு. அன்னைக்கிச் சொல்லுதேன். தங்கம் மூணு நாளு எங்கெல்லாமோ கூட்டிட்டுப் போகப் போறாளாம். நீங்களும் வாங்க."

என் நெஞ்சு நிறைந்துவிட்டது. அதற்குள் தங்கம் போனை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, ஒரு நிபந்தனை. நான் போட்டது இல்ல, ஒங்க தங்கச்சி போட்டதுதான். அவளுக்குச் சொல்ல வெக்கம், அதனால நான் சொல்லுதேன். மூணு நாளும் நீங்க பேசப்படாது. கேள்வி கேட்டா பதில் சொல்லலாம். பசிச்சா பசிக்குன்னு சொல்லலாம். கதை சொல்லப்படாது. ஜெபமும் நாங்க பாத்துக்கிடுவோம்."

பின்னால் வயலட் சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

இதைவிடப் பெரிய அவமானம் ஓர் அண்ணனுக்கு உண்டா? பசித்த குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனவன் நான். அவளுக்காக முதல் பொய் சொன்னவன் நான். அவள் வயிறு நிறைந்தது என் வாயால்தான். அந்த வாயை மூடிக்கொண்டு வா என்கிறாள்! நான் சம்மதித்தேனா என்று கேட்கிறீர்களா? இந்த ரயிலில் உட்கார்ந்திருக்கிறேன் அல்லவா?

ஆகையால்தான், ஐயா, காலையிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே வருகிறேன். உள்ளே ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது. நாளை காலை முதல் மூன்று நாள் நான் வாயைத் திறக்காவிட்டால் அவள் ஒருவேளை என்னோடு ஊருக்குத் திரும்புவாள். திறந்தால் அவள் முடிவு என்னவாக இருக்கும் என்று எனக்கே தெரியும்.

பேசாமல் இருப்பதற்கு எனக்குப் பயம் இல்லை. பதினொரு நாள் இருந்தவன்தானே. ஆனால் அந்தப் பதினொரு நாளும் அவளும் பேசவில்லை. இப்போது அப்படி இராது. நான் பேசாமல் இருந்தால் அவள் பேசுவாள். மூன்று நாள். அறுபது வருடமாக என் தங்கை, ஐயா. அவள் பேசத் தொடங்கினால் என்ன சொல்வாள் என்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.